வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொரு மந்திகள்

ஒரு காட்டில் யாருக்கும் வயதாவதே இல்லை. வயதாகத் தொடங்கும்போதே புலி வந்து கவனித்துக்கொள்ளும். பிறகு புலிக்கு மாற்றல் உத்தரவு வந்து, நான்கு மலை தள்ளி ஒரு சரணாலயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. விளைவாகக் காட்டில் முதல்முறையாக மூட்டுவலி, கண்புரை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல் ஆகியவை பரவின. அவற்றின் பின்னாலேயே ஒரு முதியோர் இல்லமும் வந்தது.

இல்லத்தில் பதினான்கு கட்டில்கள். மேலாளர் ஒரு புனுகுப்பூனை, பெயர் தணிகாசலம். முதியோர் இல்லம் என்றால் பொதுவாக ஒரு வாடை இருக்கும். இங்கே கிடையாது. மேலாளர் வராந்தாவில் ஒருமுறை நடந்து போனாலே புனுகு மணக்கும். வயதானவர்களைச் சேர்த்துவிட வருகிறவர்கள் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, நல்ல இடம்தான் என்று தீர்மானித்துவிடுவார்கள். அதற்கு மேல் உள்ளே வந்து பார்த்தவர்கள் குறைவு.

செண்பகவல்லி என்ற கருமந்தியைச் சேர்த்துவிட வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். கூட்டமாக வாழ்கிற இனம். எதையும் கூட்டமாகத்தான் செய்யும். செண்பகவல்லிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு கிளை தாவ முடியாமல் போனபோது, இல்லத்தில் விடலாம் என்ற முடிவையும் கூடிப் பேசித்தான் எடுத்தார்கள். மகள் பவளம் அழுதது. மருமகன் கட்டிலை ஆட்டிப் பார்த்து, உறுதியாக இருப்பதாகச் சொன்னது. பிறகு நாற்பத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆற்றுக்கு அக்கரைதான் அவர்கள் மரம். ஒருவரும் வரவில்லை.

இதைச் செண்பகவல்லி யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள், அக்கரையிலிருந்து வந்த காகம் ஒன்று பவளத்துக்குக் குட்டி பிறந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது. அப்போதே குட்டிக்கு ஒரு மாதம்.

கருமந்திக் குட்டி பிறக்கும்போது கருப்பாக இருக்காது. செம்பட்டையாக இருக்கும். மூன்று மாதத்துக்குள் நிறம் மாறிக் கருத்துவிடும். அதற்குப் பிறகு கூட்டத்தில் அதுவும் ஒரு கருமந்தி, அவ்வளவுதான். செம்பட்டையாக இருக்கும்போதே ஒருமுறை மடியில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று செண்பகவல்லி ஆசைப்பட்டது. வேறு எதையும் அது கேட்கவில்லை.

வழியும் இருந்தது. இல்லத்தின் விதிகளில் இருபத்து மூன்றாவது விதி இப்படிச் சொன்னது: மூன்று மாதங்களாக யாரும் வந்து பார்க்காத முதியவரை, இல்லமே தன் பொறுப்பில் அழைத்துச் சென்று உறவினர்களைப் பார்க்க வைத்துத் திரும்ப அழைத்து வர வேண்டும். இதற்கென்றே ஒரு யானை நியமிக்கப்பட்டு, ஒருமுறைகூட அழைக்கப்படாமல் பின்கட்டில் மூங்கில் தின்றுகொண்டிருந்தது.

செண்பகவல்லி மனு எழுதிக் கொடுத்தது. பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது.

"மனுதாரரைப் பார்க்க வந்த 41 பேர் இன்னும் இல்லத்தை விட்டுச் செல்லவில்லை. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஒப்பம், மேலாளர்."

செண்பகவல்லி அதை இரண்டுமுறை படித்தது. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தது.

"நாப்பத்தோரு பேரா?" என்றது பக்கத்துக் கட்டில் கரடி வீரபாண்டி. "அதான் கஞ்சி பத்த மாட்டேங்குது."

செண்பகவல்லி கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போனது. வாசலில் வருகைப் பதிவேட்டை எழுதுவது மைனா காந்திமதி. காதில் விழுவதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதும் என்று அதற்கு நல்ல பெயர். செண்பகவல்லி கடிதத்தை நீட்டி, இந்த நாற்பத்தொரு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டது.

மைனா பதிவேட்டைப் புரட்டிக் காட்டியது. வருகை என்ற கட்டத்தில் நாற்பத்தொரு பெயர்கள். வெளியேற்றம் என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை.

"வந்தாங்க. எழுதியிருக்கேன். போகலியேம்மா."

"என் கண்ணு முன்னாடி போனாங்களே. போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க."

"அதைத்தாம்மா நானும் எழுதியிருக்கேன். 'போயிட்டு' எச்சம். 'வரேன்' முற்று. எச்சத்தைப் பதிவேட்டுல ஏத்தக் கூடாதுன்னு எனக்கு எழுத்துமூலமா உத்தரவு இருக்கு."

உத்தரவு இருந்தது உண்மை. பறவையை வேலைக்கு வைக்கும்போது மேலாளர் முன்யோசனையாக, பதிவேட்டின் மேல் எச்சம் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தது. அது சொன்னது பறவைகள் போடுகிற எச்சத்தை. மைனா கொஞ்சம் இலக்கணம் படித்திருந்தது. ஆகவே வினையெச்சங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வினைமுற்றை மட்டும் எழுதி வந்தது. உள்ளே வருகிறவர்கள் வாசலில் எதுவும் சொல்வதில்லை. மேலாளர் இருக்கிறாரா என்று கேட்பதோடு சரி. வெளியே போகிறவர்கள்தான் போயிட்டு வரேன், வரட்டுமா, வரோம் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் வருகை. இல்லம் திறந்த நாளிலிருந்து "போறேன்" என்று ஒருவரும் சொன்னதில்லை. யார் சொல்வார்கள்?

இதைத் திருத்தக் கூடாதா என்று செண்பகவல்லி கேட்டது. அடித்தல் திருத்தல் இருந்தால் பதிவேடே செல்லாது என்று மைனா வருத்தத்தோடு சொன்னது. வேண்டுமானால் அவர்கள் வாயாலேயே "போறேன்" என்று சொல்லட்டும், அந்த நிமிடமே எழுதிவிடுவதாகச் சொன்னது.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி போனவங்க இப்ப எப்படி சொல்லுவாங்க?"

"வந்துதான் சொல்லணும்" என்றது மைனா.

செண்பகவல்லி திரும்பி வந்து, வீரபாண்டியிடம் விஷயத்தைச் சொன்னது. வீரபாண்டிக்கு ஒரு யோசனை தோன்றியது. அடுத்த வாரம் ஆண்டு ஆய்வு. இல்லத்தின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்க்க வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். முதியவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். அவரிடம், எட்டு மாதமாக ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் எழுதிவிட்டால் இருபத்து மூன்றாவது விதி தானாக நடக்கும். செண்பகவல்லி அந்த வாக்கியத்தை நான்கு நாள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

ஆய்வாளர் ஏகாம்பரம் ஒரு முள்ளம்பன்றி. அரசாங்க முத்திரை வைத்திருப்பவரை "அது" என்று எழுதும் வழக்கமில்லாததால், இனி அவர். எழுதுகோலை அவர் கையில் எடுத்து வருவதில்லை. தேவைப்படும்போது முதுகிலிருந்து ஒன்றை உருவிக்கொள்வார். நேர்மையானவர், வாங்காதவர், ஆய்வுப் படிவத்தின் நூற்றுப் பதினாறு கேள்விகளில் ஒன்றையும் தாண்டாதவர்.

முதல் கேள்வி, வளாகத்தில் கூர்மையான பொருள்கள் திறந்தபடி கிடக்கின்றனவா என்பது. அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆய்வு நாளில் மட்டும்" என்று எழுதினார்.

துர்நாற்றம் உண்டா என்பது அடுத்தது. மேலாளர் பக்கத்திலேயே நடந்து வந்ததால், இல்லை.

அழைப்பு மணியை அடித்தால் உதவியாளர் எத்தனை நிமிடத்தில் வருகிறார் என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் மணிக் கயிற்றை நோக்கிக் கையை நீட்டினார். கை கயிற்றைத் தொடுவதற்குள் உதவியாளர் நீர்நாய் கதவுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றது. காலையிலிருந்து அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. "வேகம்: மிக நன்று" என்று எழுதினார்.

கடந்த ஓராண்டில் கீழே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கும் நல்ல பதில் இருந்தது. ஒருவருமில்லை. அங்கே யாரும் விழுந்ததாக எழுதுவதில்லை. தரையில் அமர்ந்திருக்கக் காணப்பட்டார் என்றுதான் எழுதுவார்கள். வீரபாண்டி அந்த ஆண்டில் ஏழுமுறை அமர்ந்திருந்தது. ஒருமுறை அமர்ந்ததில் முன்பல் இரண்டு போய்விட்டது.

சாப்பாடு எப்படி என்று ஆய்வாளர் வீரபாண்டியைக் கேட்டார். மேலாளரும் ஆவலோடு பார்த்தது.

"தேன் மாதிரி இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க ஐயா" என்றது வீரபாண்டி.

ஆய்வாளர் அதில் "தேன்" என்பதை மட்டும் எழுதிக்கொண்டார். கட்டம் சிறியது.

செண்பகவல்லியின் முறை வந்தபோது மேலாளரை வெளியே இருக்கச் சொன்னார். அது அவருடைய நேர்மை. கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, முள் படாத தூரத்தில் உட்கார்ந்தார். உங்களைப் பார்க்க யாராவது வருகிறார்களா அம்மா என்று கேட்டார். செண்பகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டது. எட்டு மாசமா என்று ஆரம்பித்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து ஆய்வாளர், நல்ல மனிதர்கள் செய்கிற ஒரு தவறைச் செய்தார். பரிவோடு இன்னொன்றும் கேட்டுவிட்டார்.

"பிள்ளைங்க எப்படிம்மா? நல்ல பிள்ளைங்கதானே?"

செண்பகவல்லி முதுகை நிமிர்த்திக்கொண்டது.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? என் மக மாதிரி யாருக்கு வாய்க்கும்? வராம இருப்பாளா? ஆத்துல தண்ணி அதிகம். கைக்குழந்தைக்காரி வேற."

ஆய்வாளர் மகிழ்ச்சியோடு ஒரு குறி போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் வீரபாண்டி தலையில் அடித்துக்கொண்டது. நாலு நாளா மனப்பாடம் பண்ணியது என்ன ஆயிற்று என்று கேட்டது.

"வெளியாள் கேக்கறப்போ பெத்த பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச முடியுமா?" என்றது செண்பகவல்லி.

"அப்ப யானை?"

செண்பகவல்லி விரல்களை மடக்கி எண்ணியது. குட்டிக்கு ஏழு வாரம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இந்நேரம் முதுகு கருக்கத் தொடங்கியிருக்கும்.

ஆய்வு அதோடு முடிந்திருக்க வேண்டும். நூற்றுப் பதினைந்து கேள்விகளிலும் இல்லம் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தது. மேலாளர் இளநீருக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. மிச்சம் இருந்தது கடைசிக் கேள்வி: காட்டுத்தீ ஏற்பட்டால் உள்ளே இருப்பவர்கள் அனைவரையும் ஐந்து நிமிடத்தில் வெளியேற்ற முடியுமா?

முடியும் என்றது மேலாளர். பதினான்கு பேர்தானே.

ஆய்வாளர் எதையும் ஆவணத்தில் பார்க்காமல் எழுதாதவர். வாசலுக்குப் போய், இப்போது உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மைனாவைக் கேட்டார்.

"முதியவங்க பதினாலு. பார்க்க வந்தவங்க இருநூத்து எழுபத்திரண்டு. மொத்தம் இருநூத்து எண்பத்தாறு ஐயா."

ஆய்வாளர் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தார். பதினான்கு கட்டில், ஒரு கூடம், ஒரு வாசல். பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முதுகில் முட்கள் மெல்ல எழுந்து நின்றன. மேலாளருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அதுவரை தன் பதிவேட்டை அது மொத்தமாகக் கூட்டிப் பார்த்ததில்லை. மனுக்களைத் தள்ளுபடி செய்யத் தேவையான பக்கங்களை மட்டும் பார்த்திருந்தது. பயந்தால் புனுகுப்பூனைக்கு மணம் கூடும். வாசல் முழுக்கக் கோயில் மாதிரி மணந்தது.

ஆய்வாளர் குரலை உயர்த்தவில்லை. "இவங்க உள்ளே இருந்தா நெரிசல். இல்லத்தை மூடணும். வெளியே போயிட்டாங்கன்னா பதிவேடு பொய். அதுக்கும் மூடணும். எது உங்களுக்கு வசதி?"

மூன்றாவதாக எதுவும் இல்லையா என்று மேலாளர் கேட்டது. ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். இருந்தது. பதிவேட்டை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஆனால் உள்ளே இருப்பதாகப் பதிவானவர்கள் நேரில் வந்து, தாங்கள் போவதைத் தங்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மறுநாளே காகங்கள் மூலம் இருநூற்று எழுபத்திரண்டு பேருக்கும் அறிவிப்பு போனது. "இல்லத்தின் பதிவேட்டின்படி தாங்கள் இன்னும் உள்ளே இருக்கிறீர்கள். பதினைந்து நாள்களுக்குள் நேரில் வந்து வெளியேறவும். தவறினால் தாங்கள் இல்லவாசியாகக் கருதப்பட்டு, காலை ஆறு மணிக்குக் குளியல், இரு வேளை கஞ்சி, அனுமதியின்றி வெளியே செல்லத் தடை ஆகிய விதிகளுக்கு உட்படுத்தப்படுவீர்கள்."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பா உங்களைக் கேட்கிறார் என்று முன்பு பலமுறை தகவல் போயிருக்கிறது. மழை, வேலை, குட்டிகளின் படிப்பு என்று பதில் வரும். இந்தமுறை பதில் வரவில்லை, ஆட்களே வந்தார்கள். கஞ்சி என்ற சொல்லுக்கு அவ்வளவு ஈர்ப்பு இருக்கும் என்று மேலாளர் நினைக்கவில்லை. பதினைந்தாவது நாள் காலையில் ஆற்றங்கரையிலிருந்து இல்லத்தின் வாசல்வரை வரிசை நின்றது. கடமான்கள், காட்டுப்பன்றிகள், பெயர் வெளியிட விரும்பாத ஒரு முயல் குடும்பம். வீரபாண்டியின் தம்பி மூன்று வருடம் கழித்து வந்து, அண்ணனுக்குப் பல் எங்கே என்று கேட்டது. அமர்ந்துவிட்டேன் என்றது வீரபாண்டி.

நாற்பத்தொரு கருமந்திகளும் வந்தன. பவளத்தின் மார்பில் குட்டி இருந்தது.

உடம்பு முழுக்கக் கருத்துவிட்டிருந்தது. உச்சந்தலையில் ஒரு கைப்பிடியும் வால் நுனியில் கொஞ்சமும் மட்டும் செம்பட்டை மிச்சம். செண்பகவல்லி எதுவும் கேட்கவில்லை. எட்டு மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, வெயில் படுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, அந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. பவளம் சொல்ல வந்த சமாதானங்களை எல்லாம் பாதியில் நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பேன் பார்க்க உட்கார்ந்தது. மருமகன் கட்டிலை மறுபடி ஆட்டிப் பார்த்தது. இந்தமுறை ஆடியது.

மாலையில் எல்லாரும் வாசலில் மைனாவின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். வந்த வேலையே அதுதான். ஆனால் வாசலுக்கு உள்பக்கம் பதினான்கு முதியவர்களும் வழியனுப்ப வந்து நின்றார்கள்.

முதலில் நின்றது வீரபாண்டியின் தம்பி. வாயைத் திறந்தது. "போ..." என்று ஆரம்பித்து அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. ஏழு முறை அமர்ந்த அண்ணன். மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னது: "போயிட்டு வரேன்."

மைனா வருகையில் எழுதியது.

கடமான் முயன்றது. முடியவில்லை. காட்டுப்பன்றி, முரட்டு ஆள், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொல்லை வாசலில் விழுங்கிவிட்டு "வரேம்ப்பா" என்றது. வயதானவர் முகத்தைப் பார்த்துப் போகிறேன் என்று சொல்ல எந்தக் காட்டில் யாருக்கு நாக்கு வரும்? மைனா எழுதிக்கொண்டே இருந்தது. நாற்பது கருமந்திகள் வரிசையாக வரேன் சொல்லின. பவளம் இரண்டுமுறை சொன்னதால் இரண்டு பதிவு.

கடைசியாக மருமகன். காரியக்காரன். இப்படியே போனால் என்ன ஆகும் என்று அந்த வரிசையில் யோசித்தது அது ஒன்றுதான். அடுத்த மாதமும் இவ்வளவு தூரம் ஆற்றைத் தாண்டி வர அதற்கு நேரமில்லை. மைனாவின் பக்கம் குனிந்து, தெளிவாகச் சொன்னது.

"எழுதிக்கோங்க. நான் போறே..."

"மாப்ளே" என்றது செண்பகவல்லி உள்ளிருந்து. குட்டியை அப்போதுதான் பவளத்திடம் கொடுத்திருந்தது. குரலில் கோபம் இல்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல அப்படிச் சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

மருமகன் நின்றது. மாமியாரைப் பார்த்தது. மாமியார் பழக்கத்தில் சொன்னதா, கணக்கோடு சொன்னதா என்று அதற்குத் தெரியவில்லை. வீரபாண்டிக்கும் தெரியவில்லை, பிறகு கேட்டபோதும் செண்பகவல்லி சொல்லவில்லை.

"போயிட்டு வரேன் அத்தை" என்றது மருமகன்.

மறுநாள் காலைக் கணக்குப்படி இல்லத்தின் உள்ளே ஐந்நூற்று ஐம்பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஆய்வாளர் ஏகாம்பரம் முதுகிலிருந்து புதிதாக ஒரு முள்ளை உருவி, "நெரிசல்: அபாயகரம். குடும்பத் தொடர்பு: மாநிலத்திலேயே முதலிடம்" என்று எழுதிவிட்டு, அடுத்த பதினைந்து நாள் அறிவிப்பில் முத்திரை வைத்தார்.

நீதி: பாசம் குறைந்தால் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது, பதிவேடு தப்பாக இருந்தால் அனுப்பலாம், எனவே பிழைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முதியவர்களைப் பார்க்க ஆள் வரும்.